ஒற்றைக் கடற்காகம்

லடாக்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

லோகேஷ் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. குளிருக்கு மூன்று சட்டை, அதற்கு மேல் இரண்டு கோட்டு. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? காஞ்சிபுரத்தில் மழை தொடங்கிவிட்டதா? இந்தக் காவல் போஸ்டில் சிக்னல் கிடையாது. மார்ச்சில் கீழே இறங்கும்வரை போனில் பேச வழியில்லை. கடிதம்தான். பதினெட்டு, இருபது நாளில் உன் கைக்கு வந்து சேரும் என்கிறார்கள்.

போஸ்டுக்குக் கீழே ஒரு ஏரி இருக்கிறது. பெயரை எழுதக் கூடாது. காலையில் நீலமாக இருக்கும், மத்தியானம் பச்சையாகிவிடும். சாயங்காலம் இரண்டும் கலந்து, நீ கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடும்போது மயில்கழுத்து என்பாயே, அந்த நிறம் வரும். காவல் முடிந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது.

மே மாதத்திலிருந்து அங்கே ஒரு கூட்டம் வெள்ளைப் பறவைகள் இருந்தன. தலை மட்டும் காபிப்பொடி நிறம். அவை கடற்காகங்கள். கடலே இல்லாத இடத்தில் கடற்காகமா என்று ஸ்டான்சினிடம் கேட்டேன். அவன் இந்த ஊர்க்காரன், என்னோடு காவல் நிற்பவன். "குஞ்சு பொரிக்கத்தான் இங்கே வரும். குளிர்காலத்துக்கு உங்கள் ஊர்ப் பக்கம் போய்விடும்" என்றான். முந்தாநாள் விடிந்தபோது ஒன்றுகூட இல்லை. எப்போது கிளம்பின என்று யாருக்கும் தெரியவில்லை. ஏரி ஓரத்தில் இனி ஐஸ் கட்டுமாம். நவம்பர் முடிவதற்குள் முழுதும் கல்லாகிவிடுமாம்.

எனக்காக ஒன்று செய். போன லீவில் நான் வாங்கிவந்த பைனாகுலர் அலமாரி மேல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு தென்னேரி வரைக்கும் ஒரு நடை போய்ப் பார். இவை அங்கே வந்தால் எழுது. இங்கிருந்து போனவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
லோகேஷ்


பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
27 அக்டோபர் 2024

அன்புத் தம்பி லோகேஷுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பாவும் நானும் சுகம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிடுகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? காலுறை ஈரமானால் உடனே மாற்றிக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பறவை பாக்க இருவத்தஞ்சு கிலோமீட்டர் போவணுமாமா? நம்ம மாடியிலயே காக்கா குருவி எல்லாம் வந்துக்கினுதானே இருக்குது" என்றார். நான் சிரித்துக்கொண்டே இன்று விடியற்காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாலாஜாபாத் தாண்டியதும் ஒரே பனி. ஏரிக்கரையில் ஏறி நின்றபோது அக்கரையே தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று புரியவில்லை. சத்தம் மட்டும் வருகிறது. பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியபோது, அதுவரை வெறும் தண்ணீர் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் முழுக்கப் பறவை.

ஒருவர் மூன்றுகால் ஸ்டாண்டில் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் முரளீதரன். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஞாயிறு தவறாமல் வருவாராம். கடற்காகம் வந்ததா என்று கேட்டேன். "இன்னும் வரலை. நவம்பர் பாதியில வரும். நீங்க எங்கேர்ந்து வரேள்?" என்றார். தண்ணீரில் கறுப்பாக, நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட பறவைகளைக் காட்டி, நாமக்கோழி என்றார். "வடகலையா, தென்கலையா சார்?" என்று கேட்டுவிட்டேன். முகம் தெரியாதவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதுகளாவது சண்டை போடாம இருக்கட்டும்" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். கூட்டம் போகும்போது ஒன்றாவது பின்தங்கிவிடாதா? பிந்திப் பிறந்த குஞ்சு, இறக்கையில் அடிபட்டது என்று? சிலது அப்படித் தங்கும் என்றார் சார். வண்டி ஓட்டி வரும்போதெல்லாம் அதே நினைப்பு. உன் ஏரியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, போய்ப் பார்த்துச் சொல்லேன்.

தீபாவளிக்கு உன் சட்டையை வாங்கி வைத்துவிட்டேன். வந்து போட்டுக்கொள்.

அக்கா,
அம்சவேணி


லடாக்
18 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். கடிதம் எடுத்துப் போகும் வண்டி வெளியே நிற்கிறது. பேனாவில் மை உறைந்துவிட்டது. அடுப்பில் காட்டிக் காட்டி எழுதுகிறேன். எழுத்து விட்டுவிட்டுத்தான் வரும்.

நீ கேட்டது உண்மைதான். இன்று ஸ்டான்சினிடம் பைனாகுலர் வாங்கிப் பார்த்தேன். ஒன்று இருக்கிறது. நடுவில் இன்னும் உறையாத ஒரு துண்டுத் தண்ணீர், அதன் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் பார்த்தேன், அசையவில்லை. நாளைக்குக் கிட்டப் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

லோகேஷ்


காஞ்சிபுரம்
24 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் பக்கத்திலிருந்து அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை. வழியில் இருக்கும்.

வந்துவிட்டன. அதைச் சொல்லத்தான் திரும்பி வந்த கையோடு ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். பதினேழு கடற்காகங்கள். ஆனால் நான் முதலில் நம்பவில்லை. நீ காபிப்பொடித் தலை என்றாய். இவற்றின் தலை வெள்ளை. காதுக்குப் பின்னால் மைப்பொட்டு வைத்தது போல ஒரு கறை, அவ்வளவுதான். "இது வேற" என்று முரளி சாரிடம் வாதாடினேன். அவர் நிதானமாக, "குளிர்காலத்துல தலை நிறம் உதிர்ந்துடும். ஊருக்குத் திரும்பற சமயத்துல மறுபடி வரும்" என்றார். பறக்கும்போது இறக்கை நுனியில் கறுப்பும் அதில் வெள்ளைக் கண்ணும் காட்டினார். டிசைன் போடுகிற எனக்கு அது போதும். அடையாளம் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நீ பார்த்ததை நான் பார்க்கிறேன் என்று நினைத்தால் கால் தரையில் இல்லாதது போல இருந்தது. பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார் சார். சர்க்கரை இல்லை. குடித்துவிட்டேன்.

அவருக்கு மனைவி இல்லை. ஆறு வருடம் ஆகிறதாம். மகள் ஸுஷ்மா கோயம்புத்தூரில் படிக்கிறாள். வீட்டில் அவரும் அவர் அம்மாவும். ஏரியில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார். நான் கேட்கவில்லை.

உன் ஏரியில் ஏதாவது மிச்சம் இருந்ததா? எழுது.

அக்கா


காஞ்சிபுரம்
15 டிசம்பர் 2024

அன்புள்ள லோகேஷுக்கு,

எப்படி இருக்கிறாய்? நீ நவம்பர் 18ஆம் தேதி எழுதியது ஒரு வாரம் முன்பு வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. சாலை மூடியிருப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் தறியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறார். கேட்டால், "காத்து வாங்கறன்மா" என்கிறார்.

புயல் மழையில் தென்னேரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. போன ஞாயிறு ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கின, நானூறுக்கு மேல். தண்ணீரைத் தொடுவதற்கு முன் எல்லாம் சேர்ந்து ஒரு கணம் காற்றில் நின்றாற்போல இருந்தன. முரளி சார் எண்ணுவதையே மறந்துவிட்டார். பிறகு இருவரும் மறுபடி எண்ணினோம். இந்த முறை நானும் பிளாஸ்க் எடுத்துப் போயிருந்தேன். சர்க்கரை போட்டது. அவரும் குடித்துவிட்டார்.

முரளி சார் சொல்கிறார், கடற்காகத்துக்குத் திறந்த தண்ணீர் இல்லாமல் இரை கிடைக்காதாம். ஏரி உறைந்தால் ஒரு நாள்கூடத் தங்காதாம். அப்படியானால் உன்னுடையது என்ன ஆனது? நீ கிட்டப் போய்ப் பார்த்தாயா? இரண்டு வரி போதும். உன் கையெழுத்து என்று தெரிந்தால் போதும்.

அக்கா


லடாக்
26 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. நான் மிகவும் நலமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பாடு, நல்ல தூக்கம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பனியால் சாலை மூடிவிட்டது. அப்பாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

அந்த ஒற்றைப் பறவை பறந்து போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை அதற்கு. இன்று காலையிலும் நாலைந்து கடற்காகங்கள் எங்கள் ஏரியின் மேல் வட்டமிட்டன. வெயில் பட்டு இறக்கைகள் மின்னின. உங்கள் தென்னேரியை நினைத்துக்கொண்டேன். நீ எழுதுவதை எல்லாம் படித்துப் படித்து, கண்ணை மூடினால் அந்த ஏரி வருகிறது. பனி, சத்தம், பிறகு மெல்லப் பறவைகள். உண்மையில் அந்த ஏரியைச் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முரளி சாரைப் பற்றி நிறைய எழுது. நல்ல மனிதராகத் தெரிகிறார்.

அப்பாவுக்கும் உனக்கும் புத்தாண்டு வாழ்த்து.

லோகேஷ்


காஞ்சிபுரம்
5 ஜனவரி 2025

லோகேஷ்,

உன் கடிதம் 31ஆம் தேதி வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத்தான் ஐந்து நாளாகத் தூக்கம் இல்லை.

அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. நீ பொய் சொன்னால் உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது முகம் இல்லை, கடிதம்தான் இருக்கிறது. அதைப் பார்த்தே சொல்கிறேன்.

உன் கடிதங்கள் இருபது நாள் எடுக்கும். சாலை மூடிய பிறகு எழுதியது ஐந்தே நாளில் வந்திருக்கிறது. நவம்பரில் உன் பேனா வார்த்தைக்கு வார்த்தை நின்றது. டிசம்பர் கடைசியில் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியிருக்கிறது. உன் பேனாவுக்குக் குளிரவில்லை, தம்பி. அப்புறம் கடற்காகம். நவம்பர் முடிவில் ஏரி கல்லாகிவிடும் என்று நீதான் எழுதினாய். கல்லான ஏரியின் மேல் அவை எதற்கு வட்டமிடும்? இரண்டு மாதத்துக்கு முன்பாக இருந்தால் நம்பியிருப்பேன். இப்போது எனக்கு இது தெரியும்.

நீ எங்கே இருக்கிறாய்? உனக்கு என்ன ஆயிற்று?

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லும்வரை சொல்லமாட்டேன். உயிரோடு எழுதுகிறாய், அது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வேறு செய்தி ஒன்றும் இல்லை.

அக்கா


சண்டிகர்
28 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதம் மேலே போய், ஸ்டான்சின் கைக்குக் கிடைத்து, அவன் இங்கே அனுப்பி, நேற்றுத்தான் வந்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்து இல்லை. இனியும் இல்லை. மூச்சு விட்டுவிட்டு மேலே படி.

நான் சண்டிகர் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நவம்பர் கடைசியிலிருந்து இங்கேதான். இடது காலில் ஐந்து விரல்களையும் பாதத்தில் முன்பாதியையும் எடுத்துவிட்டார்கள். குளிரில் செத்துப்போயிருந்தது. குதிகால் இருக்கிறது. அதற்கென்று ஒரு பூட்ஸ் செய்து தருகிறார்கள். போன வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன்.

போரில் நடந்தது என்றால் சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருக்கும். அப்படி இல்லை. நவம்பர் 19ஆம் தேதி, ஸ்டான்சின் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அந்தப் பறவையைப் பார்க்க ஐஸ் மேல் நடந்து போனேன். இறக்கையில் அடிபட்டிருக்கிறது, கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து சமையல் அறையில் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று மனசுக்குள் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பத்தடி இருக்கும்போது அது என்னைத் திரும்பிப் பார்த்தது. சாவகாசமாக எழுந்து பறந்து போய்விட்டது. அதற்கு ஒன்றுமே இல்லை, அக்கா. சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. அது போகும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு அழகாக இருந்தது என்று உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் ஐஸ் விட்டது. இடது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. ஸ்டான்சின் படுத்துக்கொண்டே வந்து இழுத்தான். பூட்ஸ் நிறையத் தண்ணீர். போஸ்டுக்கு இரண்டு மணி நேர நடை. பாதி வழியில் கால் வலிக்கவில்லை. வலி போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்குத் தெரிவிக்கிறோம் என்றார்கள். நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதத்தான் முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நீ கேட்டதால் போனேன் என்று நீ நினைப்பாய். நினைக்காதே. நீ கேட்காமல் இருந்தாலும் போயிருப்பேன்.

டிசம்பரில் ஊசி போட்ட மயக்கத்தில் பத்து நாள் உங்கள் ஏரிக்கரையில்தான் கிடந்தேன். கண் விழித்தால் டாக்டர், மூடினால் தண்ணீர். அந்த நாட்களில் உன் முந்தைய இரண்டு கடிதமும், மேலே போகாமல் நேரே இங்கே திருப்பிவிடப்பட்டு, வந்திருக்கின்றன. நர்ஸ் கையில் வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்கத்தைத் திருப்பித் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. பட்டாளத்தில் இனி ஆபீஸ் வேலை கொடுப்பார்களோ, அனுப்பிவிடுவார்களோ. தறிக்குழியில் உட்கார்ந்து மிதி மிதிக்கவும் இந்தக் கால் உதவாது. அப்பா அதைத்தான் முதலில் நினைப்பார். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் உடைந்துபோவேன். பத்து நாள் கொடு.

இன்னொன்று. நீ மட்டும்தான் கண்டுபிடிப்பாயா? உன் அக்டோபர் கடிதத்தில் "ஒருவர்". நவம்பரில் "முரளி சார்". டிசம்பரில் வரிக்கு வரி முரளி சார். ஜனவரியில் அவர் இல்லவே இல்லை. என்ன நடந்தது?

லோகேஷ்


காஞ்சிபுரம்
5 பிப்ரவரி 2025

என் தங்கத் தம்பிக்கு,

வலி எப்படி இருக்கிறது? இரவில் போர்த்திக்கொள்ளக் கொடுக்கிறார்களா? பத்து நாள் கேட்டாய். கொடுக்கிறேன். அதற்குப் பிறகு நேரில் வருகிறேன். 14ஆம் தேதி சென்னையிலிருந்து ரயில்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். படித்து முடிக்கும்வரை தறியில் கையை வைத்தபடி இருந்தார். "வலி இருக்குதாமா?" என்று கேட்டார். கம்பியைப் பிடித்து நடக்கிறான் என்றேன். "அத கேக்கல. வலி இருக்குதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். எழுந்து போய்க் குளித்துவிட்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனார். மூன்று மணி நேரம் கழித்து வந்து சாப்பிட்டார். மிதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ வரும்போது படுக்கக் கட்டில் வேண்டும் என்று ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்காவிட்டாலும் போயிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அது மெய்யா என்று நான் கேட்கப்போவதில்லை. உன் ஒரு பொய்யைக் கண்டுபிடித்த எனக்கு இதையும் கண்டுபிடிக்கத் தெரியும். வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் "போய்ப் பார்த்துச் சொல்லேன்" என்று எழுதிய கை இதுதான். இதை வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இனி நீ கேட்டது. டிசம்பர் 29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தென்னேரியில் தண்ணீர் அசையாமல் இருந்தது. கடற்காகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு மிதந்தன. சார் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "அம்சவேணி, எஞ்சிய காலம் நாம சேர்ந்து இருக்கலாமா?" அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாளில் உன் கடிதம் வந்தது. அதன் பிறகு ஜனவரி முழுக்க ஏரிப் பக்கமே போகவில்லை. அங்கே ஜனவரியில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் போகவில்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. நாம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள், அவர்கள் வரதராஜர் கோயிலில் வேதம் சொல்கிற குடும்பம். அவர் அம்மா சூடாமணி அம்மாள் நம் வீட்டுத் தண்ணீர் குடிப்பாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பாவைத் தனியாக விடுவதா? நீ எங்கே என்ன ஆனாய் என்று தெரியாதபோது நான் மட்டும் எப்படி?

சண்டிகரிலிருந்து உன் கடிதம் வந்த மறுநாள், போன ஞாயிறு, ஏரிக்குப் போனேன். வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை. அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். வழியில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி அழுதேன். அவர் அந்தக் கேள்வியை எடுக்கவே இல்லை. "முதல்ல தம்பியைப் பாருங்கோ. டிக்கெட் நான் போடறேன். கூட வரட்டுமா?" என்றார். அப்பா தனியாக இருப்பார், வேண்டாம் என்றேன். "அப்போ அப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

என் பதில் எனக்குத் தெரியும், லோகேஷ். வாயில்தான் வரவில்லை. அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. உன்னைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன்.

முறுக்கு சுட்டு எடுத்து வருகிறேன். அந்த நர்ஸுக்கும்.

உன் அக்கா,
அம்சவேணி


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்
3 மார்ச் 2025

என் பிள்ளைகள் அம்சவேணிக்கும் லோகேஷுக்கும் அப்பாவின் ஆசி.

நான் சுகம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பாதி மருந்து. தினமும் போனில் பேசுகிறோம், அப்படியும் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். சில சங்கதிகள் போனில் எனக்குச் சொல்ல வராது. எனக்குப் படிப்பு ஐந்தாவதுதான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அம்சா, நீ கிளம்பிய மறுநாளிலிருந்து அந்த சார் சாயங்காலம் வந்துவிடுகிறார். முதல் நாள் வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன். தறியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. தறிக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பொதுவாக நிறையப் பேசுவார்கள். நாலாம் நாள் நம் வீட்டில் இட்லி சாப்பிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. "நீங்களும் ஏரிக்கு வாங்கோளேன்" என்றார். போனேன். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பனி இருந்தது. கரைமேல் ஏறி நின்றதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அறுபத்தெட்டு வயதில் பக்கத்து ஊரில் இருக்கிறதை இப்போதுதான் பார்க்கிறேன். லோகேஷ், நீ ஏன் ஐஸ் மேல் நடந்தாய் என்று எனக்குக் கோபம் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, இருந்தது. நேற்று அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிறகு இல்லை.

சார் என்னிடம் கடற்காகத்தை எண்ணச் சொன்னார். பாவில் இழை எண்ணுகிற கண்ணுக்கு இது ஒரு வேலையா? ஐம்பத்தொன்று என்றேன். அவர் அறுபது என்றார். இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஒற்றைக் காலில் நின்றதையெல்லாம் நான் விட்டுவிட்டேன். அடிபட்டது, கணக்கில் சேராது என்று நினைத்தேன். "அதெல்லாம் தூங்கறதுகள். முழுசா எண்ணுங்கோ" என்றார். மறுபடி எண்ணினேன். அறுபத்துமூன்று. அவரும் மறுபடி எண்ணினார். அறுபத்துமூன்றுதான். நோட்டில் தன் எண்ணை அடித்துவிட்டு என்னுடையதை எழுதினார். வாத்தியார் ஒருவர் தன் கணக்கை அடித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது என்னிடம் ஒன்று கேட்டார். அம்சா, நீ எனக்குச் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டாயே, அது. கேட்டுவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மடல் சிவந்துபோயிருந்தது. "எங்க பொண்ணு இன்னா சொல்லுச்சு?" என்றேன். "ஒண்ணும் சொல்லலை. அழுதாள். அதனால உங்களைக் கேக்கறேன்" என்றார்.

உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றேன். சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். அவர் அம்மா சூடாமணி அம்மாள் வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. என் வேட்டியையும் கையையும் பார்த்தார். "உங்க பொண்ணுக்குத் தைரியம் ஜாஸ்தின்னு இவன் சொல்றான். தனியா வடக்கே போயிருக்காளாமே" என்றார். "போயிருக்குதும்மா. தம்பிக்காக" என்றேன். என் டம்ளர் காலியானதைப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் காபி விடட்டுமா?" என்று கேட்டார். விடச் சொன்னேன்.

உன் மனசு எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், அம்சா. நான் நினைப்பது தப்பு என்றால் வந்து சொல். அதுவரை யாரிடமும் வாய் திறக்கமாட்டேன். அந்த விஷயத்தில் நான் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன்.

லோகேஷை 12ஆம் தேதி ஆஸ்பத்திரியில் அனுப்புகிறார்கள் என்று சொன்னாய். புது பூட்ஸில் படி ஏறிப் பழகட்டும், அவசரம் இல்லை. கட்டில் தயார். ரயில், பெட்டி நம்பர் இரண்டையும் தெரிவி. சென்ட்ரலுக்கு நானும் மாப்பிள்ளையும் வந்துவிடுகிறோம்.

அப்பா,
கலியாணசுந்தரம்